ஏழு டின் தைலத் தண்ணீர்

இந்த வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் முதலில் எழுந்து ஓடுகிறவள் நான்தான். மருந்து கொடுக்கத்தான் ஓடுகிறேன் என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். என் மருமகள் கெட்டிக்காரி, நான்கே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "அத்தைக்குச் சளி இல்லீன்னாலும் ஒரு சொட்டுத் தைலம் வேணுமுங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்கு அது தலைவலித் தைலம். எனக்கு அந்த வாசனை என் வீட்டுக்காரர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணபதியைத் தாண்டிச் சத்தியமங்கலம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் தோட்டம். ஒரு கிணறு, இரண்டு காடு; விளைநிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம். கிணற்றுப் பக்கம் ஒன்று, கிழக்கே ஒன்று. இரண்டிலும் கம்போடியாப் பருத்தி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பெண் பார்க்க வந்த அன்றே யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "பருத்திக் காட்டுல வெயில்ல நிக்கறவனுக்கு அதெல்லாம் ஒரு சூடுங்களா" என்றாராம். அதைக் கேட்டு என் அப்பா உடனே சம்மதித்துவிட்டார்.

கல்யாணமான வருஷமும் அடுத்த வருஷமும் பருத்தி கருகிப்போயிற்று. புரட்டாசியில் ஊன்றுவோம். ஐப்பசி மழையில் இலையின் அடியில் எண்ணெய் பட்டது போலச் சின்னச் சின்னப் புள்ளி விழும். வட்டமாக இருக்காது, நரம்புக்கு நரம்பு அடைத்துக்கொண்டு மூலைமூலையாக இருக்கும். இரண்டு நாளில் அது கறுக்கும். அப்புறம் கிளை கறுக்கும். பிஞ்சுக் காய்க்குள் பஞ்சு மஞ்சளாகி அழுகிவிடும். கருகல் என்றுதான் சொல்வோம். என் மாமியார் காட்டுக்குப் போய்ச் செடியைத் தொட்டுவிட்டு வந்தால் கையை மூன்று தரம் கழுவுவார்.

இரண்டாம் வருஷம் போன பிறகு என் வீட்டுக்காரர் மலைக்குக் கிளம்பினார். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, குன்னூருக்கும் மேலே எங்கேயோ ஒரு தைல அடுப்பில் வேலை. கற்பூர மரம் என்று மலையில் சொல்கிறார்களே, அந்த யூகலிப்டஸ் இலையைப் பெரிய அண்டாவில் அமுக்கி வைத்து, மூடி, அடியில் தீ போடுவார்கள். ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து சொட்டும். தண்ணீரும் தைலமும் சேர்ந்துதான் சொட்டும். மேலே மிதக்கிற தைலத்தை எடுத்துக்கொண்டு அடியில் நிற்கிற தண்ணீரைக் கீழே விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை. அவர் சொல்லிச் சொல்லி, அந்த அண்டாவுக்கு எத்தனை வளையம் என்பதுகூட எனக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். இரண்டு நாள் இருப்பார். வந்த அன்று வீடெல்லாம் தைல வாசனை. சட்டையைத் துவைத்தாலும் போகாது. போகாமல் இருக்கட்டும் என்றுதான் நானும் சரியாகத் துவைக்க மாட்டேன். அவர் திரும்பிப் போன பிறகு நான்கைந்து நாள் அந்தத் தலையணை உறையை மாற்ற விடமாட்டேன். மாமியார் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொள்வார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வயதில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. மாடு தண்ணீர் இறைக்கிற சத்தத்தில் பஸ் சத்தம் கேட்கும். ரோட்டில் யார் நடந்து வந்தாலும் அவர் நடை மாதிரி இருக்கும்.

மூன்றாம் வருஷம் ஆடியில் வந்தபோது ஒரு சின்னப் புட்டி நிறையத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். "நான் இல்லாதப்ப மோந்துக்க அம்மணி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தன நாளைக்குங்க இப்படி?" என்றேன்.

"இந்த வெள்ளாமை மட்டும் கருகாம வந்துட்டா நான் மலை ஏறமாட்டன்" என்றார். என் கையை இழுத்து, உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். வலித்தது. எனக்கு அந்த வலி பிடித்திருந்தது.

அவர் போன வாரத்தில் விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அந்தப் பக்கத்துக் காடுகளையெல்லாம் சுற்றிப் பார்க்கிறவர். விதை ஐயா என்போம். அவர்தான் எங்களுக்கு அந்தச் செய்தியைச் சொன்னார். நோய் மழையில் வருவதில்லை, கொட்டையிலேயே உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரி ஒன்று, மழை வந்ததும் பெருகுகிறது என்றார். கொட்டையைத் திராவகத்தில் ஒரு புரட்டுப் புரட்டிக் கழுவி ஊன்றினால் குறையும் என்றும் சொன்னார்.

மாமியார் அவருக்கு மோர் கொடுத்து, ரொம்ப மரியாதையாக மறுத்துவிட்டார். "விதைங்க அது. நெருப்புத் தண்ணியில எப்படிங்க போடறது" என்றார். அவரும் வற்புறுத்தவில்லை. மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்குத்தான் மண்டைக்குள் குடைந்தது. கொட்டையில்தான் இருக்கிறது என்றால், கொட்டையிலேயே அதைக் கொல்ல வேறு ஒன்றும் இல்லையா? அப்போதுதான் என் வீட்டுக்காரர் எப்போதோ சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. தைல அடுப்பில் வேலை செய்கிறவர்கள் பக்கத்திலேயே முட்டைக்கோசு போட்டிருந்தார்களாம். மற்ற இடத்துக் கோசெல்லாம் இலை ஓரம் மஞ்சளாகி, நரம்பு கறுத்து அழுகிப்போக, இவர்களுடையது மட்டும் நன்றாக நின்றதாம். விதையைத் தைலம் இறங்கின தண்ணீரில் நனைத்துப் போட்டார்களாம். "அது தைலத்து மகிமை" என்று அவர் சொன்னது காதில் இருந்தது. தண்ணீர் என்று சொன்னது காதில் இருந்து போய்விட்டது.

பருத்திக்கொட்டையை அப்படியே ஊன்ற முடியாது. மேலே பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் சாணியும் செம்மண்ணும் கரைத்துக் கொட்டையில் ஊற்றி, கயிற்றுக் கட்டிலின் மேல் போட்டு உள்ளங்கையால் தேய்ப்போம். தேய்த்துக் காயவைத்தால் கொட்டை தனித்தனியாக விழும். எங்கள் வீட்டில் அந்தச் சாணியைக் கரைப்பது மருமகளான என் வேலை. வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் கிணற்றுப் பக்கத்துக் காட்டுக்கான கரைசலில் அவர் கொடுத்த புட்டியைக் கவிழ்த்தேன். கவிழ்க்கும்போது மனசு அடித்துக்கொண்டது. ஒரு பக்கம் அவர் வாசனை போகிறதே என்று. இன்னொரு பக்கம் இது போனால்தான் அவரே வருவார் என்று. முக்கால் புட்டிக்கு மேல் கொட்டிவிட்டேன். அடியில் கொஞ்சம் இருந்தது. அதைக் கொட்ட மனம் வரவில்லை, மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன். மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழக்குக் காட்டுக்கும் ஊத்து கண்ணு. அதென்ன வஞ்சன" என்றார்.

அவருக்கும் மகன் வர வேண்டுமே. வேறு வழியில்லாமல் புட்டியை எடுத்தேன். கடைசிச் சொட்டும் வீணாகக் கூடாதென்று வெந்நீர் விட்டு, குலுக்கி ஊற்றினேன். மறுபடி விட்டு, மறுபடி குலுக்கினேன். நான்கு தரம். கிழக்குக் காட்டுக் கரைசலில் விழுந்தது அந்தக் கழுவின தண்ணீர்தான். ஊன்றின பிறகும் என் கை இரண்டு நாள் மணத்தது.

எட்டாம் நாள் கிழக்குக் காடு முளைத்தது. கிணற்றுப் பக்கத்துக் காட்டில் ஒன்றுகூட மேலே வரவில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் கொட்டை வெந்தது போலக் கிடந்தது. நோயைக் கொல்லப் போய் விதையையே கொன்றுபோட்டிருக்கிறேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி அழுது தீர்த்திருப்பேன்.

அடுத்த வாரம் அவர் வந்தார். வெறும் காட்டைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர், வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தைலத்தை ஆராச்சும் ஊத்துவாங்களா அம்மணி? தண்ணின்னுதானே சொன்னன்" என்றார்.

"நீங்க சொன்னது ஆருக்குங்க கேட்டுச்சு. நீங்க போறதே கண்ணுல நின்னுச்சு" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னும் நூறு காடு வெந்திருந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கிணற்றுப் பக்கத்தில் அந்த வருஷம் சோளம் போட்டோம். ஐப்பசி மழை வந்தது. பக்கத்துக் காடுகளில் எல்லாம் புள்ளி விழுந்தது. நான் தினம் விடிந்ததும் கிழக்குக் காட்டுக்குப் போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு செடிகளில் இருந்தது. பிடுங்கி எரித்தேன். மற்றதெல்லாம் சுத்தமாக நின்றது. மாசியில் காய் வெடித்தபோது காடு முழுக்க வெள்ளையாக இருந்தது. அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவிட்டார்.

மாசியிலிருந்து ஆடி வரைக்கும் அவர் வீட்டில் இருந்தார். என் வாழ்க்கையில் நான் திரும்பப் போய் இருக்க ஆசைப்படுகிற இடம் ஒன்று உண்டென்றால் அந்த ஐந்து மாதம்தான். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. காலையில் அவர் கிணற்றில் மாடு ஓட்டுவார், நான் மடை திருப்புவேன். அவர் அங்கிருந்து ஏதாவது கேலி பேசுவார், நான் இங்கிருந்து முறைப்பேன். அவ்வளவுதான். தைல வாசனை மெல்ல மெல்லப் போய், அவரிடம் மண் வாசனையும் மாட்டு வாசனையும் வந்தது.

ஆடியில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் உறவுமுறை. கிழக்குக் காட்டின் கதை பரவியிருந்தது.

"எங்களுக்கும் அந்தத் தண்ணி ஒரு டின் வேணுமுங்களே" என்றார்கள். "உங்களால எங்க வெள்ளாமையும் கரையேறட்டுமுங்க" என்றார்கள்.

அவர் மறுக்கிறவர் இல்லை. அடுப்புக்காரரோ, வேலைக்கு வருகிறவனுக்குத்தான் தண்ணீர் என்று சொல்லிவிட்டாராம். எனவே மறுபடி மலைக்குப் போனார். உள்ளங்கையில் அடித்த சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். "ரெண்டே மாசம் அம்மணி" என்றார்.

புரட்டாசியில் மாட்டு வண்டியில் ஏழு சீமெண்ணெய் டின் வந்து இறங்கியது. சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஏழிலும் தைலத் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். எனக்கென்று தனியாக ஒரு புட்டித் தைலமும் இருந்தது. எங்கள் காட்டுக்கான டின்னில் மட்டும் அடையாளத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார். ஏழையும் மாட்டுக் கொட்டகையில் வரிசையாக வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அடுத்த வருசத்துக்கு இருவது டின்னாச்சும் வேணும் அம்மணி. சத்தியமங்கலம் பக்கத்துலகூடக் கேட்டுட்டாங்க. அடுப்பு மேஸ்திரியா என்னையவே போடறேங்கறாங்க. விதைப்பு முடிஞ்சதும் போனா, ஊட்டுக்கு வரப்போக இருந்துக்கலாம்" என்றார்.

நான் ரசத்தை ஊற்றினேன். என் புட்டியைக் கவிழ்த்து, என் கையால் கரைத்து, நான் கண்டுபிடித்த ஒன்றே அவரை மறுபடி மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் சந்தை. மாமியார் சந்தைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர், தண்ணீர் வந்துவிட்டது, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒவ்வொரு தோட்டமாகக் கிளம்பிப் போனார். உச்சி வெயில். கொட்டகையில் நானும் மாடுகளும்தான். பொட்டு இல்லாத ஆறு டின்னையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய் வாழைக்கு ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீரைச் சேந்தி நிரப்பினேன். வாசனை வேண்டுமே. அவர் எனக்கென்று கொடுத்த புட்டியிலிருந்து ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு விட்டு மூடினேன்.

அவர்களுக்கு ஒன்றும் பெரிய கெடுதல் இல்லை, போன வருஷம் மாதிரிதானே இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தண்ணீருக்கு மகிமை இல்லை என்று ஆகிவிட்டால் இருபது டின்னும் வேண்டாம், மேஸ்திரி வேலையும் வேண்டாம். ஏழாவது டின்னின் மூடியையும் திறந்தேன். அதில் கை வைக்க முடியவில்லை. குடியானவர் வீட்டில் பிறந்தவள், தன் காட்டு விதையைத் தானே கெடுக்க எப்படி மனம் வரும்? மூடிவிட்டேன். அந்த ஒரு டின்னை மட்டும் விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. ஆறு தோட்டத்திலும் கருகல். எங்கள் காட்டில் இலைக்கு இலை பச்சை.

அந்த ஆறு பேரும் வந்தார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. எங்கள் காட்டைச் சுற்றி வந்து பார்த்தார்கள். மோர் குடித்தார்கள். கிளம்பும்போது அவர்களில் மூத்தவர் சொன்னார்: "உங்க காட்டுல நல்லா இருக்குதுங்க. சந்தோசமுங்க. அந்தப் பொட்டு வச்ச டின்னுல எங்களுக்கும் கொஞ்சம் ஊத்தியிருக்கலாமுங்க."

என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்த்தேன். அடி வாங்கினால்கூட அப்படி ஆகாது. "சாமி சத்தியமா ஏழும் ஒரே தண்ணிங்க" என்றார். "அதனாலென்னங்க, இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விதை ஐயாவும் வந்து பார்த்தார். ஆறு காட்டையும் எங்கள் காட்டையும் பார்த்துவிட்டு, "ஒரே தண்ணியா இருந்திருக்காதுங்க" என்று அவர் பங்குக்குச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அந்த வருஷம் எடுத்த பருத்தியில் நல்ல கொட்டையாகப் பொறுக்கி, ஆறு வீட்டுக்கும் என் வீட்டுக்காரரே தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தார். நான்கு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வீட்டில், "எங்ககிட்டயே இருக்குதுங்க" என்று இனிமையாகச் சொல்லி அனுப்பினார்கள். வாங்கின நான்கு காட்டிலும் மறுவருஷம் கருகல் குறைந்தது. அதற்காக யாரும் பழையபடி வீட்டுக்கு வந்து உட்காரவில்லை.

அவர் அதன்பிறகு மலைக்குப் போகவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. தினம் காலையில் கிணற்றில் மாடு ஓட்டினார். நான் மடை திருப்பினேன். ஆனால் அங்கிருந்து கேலி வரவில்லை. மாட்டைத் திருப்பும்போதெல்லாம் ஒரு கணம் நின்று வடமேற்கே மலையைப் பார்ப்பார். அவர் பக்கத்திலேயே இருந்தார், நான் அவருக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மாதத்து மனிதர் எங்கே போனார் என்று.

நான் டின்னைக் கொட்டின பிறகு வாழைத்தோப்பு பத்து நாள் மணத்தது. அவர் கவனித்தாரா என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன்.

பொட்டு வைத்த டின்னை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. வருஷா வருஷம் விதை தேய்க்கிற நாளில் அதை எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். "எதுல தப்பு வந்துச்சு அம்மணி?" என்பார். நான் சாணியைக் கரைத்துக்கொண்டே, "எனக்கென்னங்க தெரியும்" என்பேன். முதல் வருஷம் பயத்தில் சொன்னேன். அப்புறம் வெட்கத்தில். அப்புறம், இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் இத்தனை வருஷமும் சேர்ந்து பொய்யாகிவிடுமே என்று. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கிணற்றுக்கு மோட்டார் வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை.

கடைசி வருஷம் இருமலோடு படுத்திருந்தார். ஒரு மத்தியானம் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். முகம் தெளிந்தது. வரப்பில் உட்கார்ந்து சிரித்த முகம், அதே முகம். எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறேன்.

"ஏழும் ஒரே அடுப்புல, ஒரே நாள்ல எடுத்தது அம்மணி" என்றார். "ஆறு எப்படிக் கெட்டுச்சு?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த முகம் போய்விடும் என்று பயந்தேன். "தூங்குங்க" என்றேன். நல்ல பிள்ளை மாதிரி தூங்கினார். இரண்டு நாளில் போய்விட்டார்.

நீங்கள் இல்லாமல் இருக்க முடியாமல்தான் ஊற்றினேன் என்று சொல்லியிருந்தால், ஒருவேளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். ஒருவேளை அப்போதாவது என்னைத் திட்டியிருப்பார். இரண்டில் எது என்று தெரியாமலே போயிற்று. இப்போது யார் வீட்டுப் புட்டியைத் திறந்தாலும் நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அவர் இன்னும் ஒரே ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவேன்.